டாமி லாட்டன் ஏன் மூன்றாம் டிவிஷனுக்குப் போனார்? நாட்ஸ் கவுண்டியின் 1949–50 சீசன்

"இங்கிலாந்து அணியின் சென்டர் ஃபார்வர்டு டாமி லாட்டன், நன்றாக ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே முதல் டிவிஷனை விட்டுவிட்டு மூன்றாம் டிவிஷனில் கிடந்த நாட்ஸ் கவுண்டிக்குப் போனாராமே, ஏன்? 1950ல் அந்த கிளப் மேலே ஏறியது அவர் ஒருவரால்தானா?" என்று கேட்டிருந்தீர்கள். (சென்டர் ஃபார்வர்டு என்றால் முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிப்பவர். டிவிஷன் என்றால் லீக்கின் ஒரு தட்டு, முதல் டிவிஷன்தான் உச்சி.)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் இல்லாமல் அது நடந்திருக்காது. அதே சமயம், அவர் வந்த கையோடு நடந்துவிடவும் இல்லை. லாட்டன் சேர்ந்தது 1947 நவம்பரில். அந்த சீசன் போயிற்று, அடுத்த சீசனும் போயிற்று. மூன்றாவது சீசனில்தான் கவுண்டி சாம்பியன் ஆனது. முந்தைய சீசனுக்கும் அந்த சீசனுக்கும் நடுவே என்ன மாறியது என்று பார்த்தால்தான் இந்தக் கதை பிடிபடும். முதல் கேள்விக்கான பதில் பணத்தில் இருக்கிறது, அதுவும் லாட்டனின் கைக்கு வராத பணத்தில்.

கிளப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாட்டிங்ஹாம் நகரத்து கிளப்பான நாட்ஸ் கவுண்டி 1862ல் தொடங்கப்பட்டது. உலகில் இன்றும் இருக்கிற தொழில்முறைக் கால்பந்து கிளப்புகளில் மிகப் பழையது இதுதான். 1888ல் ஃபுட்பால் லீக் தொடங்கியபோது இருந்த 12 கிளப்புகளில் ஒன்று. 1894ல், எல்லா டிவிஷன் கிளப்புகளும் மோதுகிற எஃப்.ஏ. கோப்பையை வென்றது, அப்போது அது இரண்டாம் டிவிஷனில் இருந்தது, அந்த நிலையில் இருந்துகொண்டு கோப்பையை வென்ற முதல் அணி. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை. இத்தாலியின் யுவென்டஸ் அணி இன்றும் போடுகிற சட்டை, 1903ல் நாட்டிங்ஹாமிலிருந்து போன இந்தச் சட்டையைப் பார்த்து வந்ததுதான். இவ்வளவு பெருமை இருந்தும், 1935ல் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிய கிளப் அதன்பின் எழுந்திருக்கவே இல்லை. போர் வந்தது. 1941 மே மாதம் நாட்டிங்ஹாம் மீது விழுந்த குண்டுகளில் அவர்களுடைய மெடோ லேன் மைதானமும் சேதமடைந்தது. 1941–42 போர்க்கால சீசனில் கவுண்டி ஆடவே இல்லை.

அந்தக் கால மூன்றாம் டிவிஷன் எப்படிப்பட்டது என்று தெரியாவிட்டால் 1950ன் அருமை புரியாது. மூன்றாம் டிவிஷன் ஒன்றல்ல, இரண்டு: வடக்கு, தெற்கு என்று பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் 22 கிளப். அந்த 22ல் முதலிடம் பிடிக்கும் ஒரே ஒரு கிளப்தான் மேலே போகும். இரண்டாமிடத்துக்கு எதுவும் கிடையாது. அடுத்த இடங்களில் இருப்பவர்கள் தங்களுக்குள் மோதி மேலே போகிற பிளே ஆஃப் என்பதெல்லாம் பிற்காலத்து ஏற்பாடு. எட்டு மாதம் ஆடி, 21 அணிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். 1936–37ல் கவுண்டிக்கு நேர்ந்தது இதுதான். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற கோல் வேட்டைக்காரர் ஹியூயி கல்லாகரை வாங்கினார்கள். அவரும் கோல் மேல் கோலாக அடித்தார். கடைசியில் லூட்டன் டவுன் 58 புள்ளி, கவுண்டி 56. லூட்டன் மேலே போனது, கவுண்டி அங்கேயே நின்றது.

இன்னொரு சங்கடம், நாட்டிங்ஹாம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிற ஊர். லீக்கின் கணக்கில் கவுண்டி 'தெற்கு'. அதனால் டார்க்கி, எக்ஸிட்டர், போர்ன்மத் என்று தென்கோடி ஊர்களுக்கெல்லாம் ரயிலேறிப் போய் ஆட வேண்டும். டார்க்கிக்கு மட்டும் ஒரு வழிக்கே 200 மைலுக்கு மேல். இரவு ஆட்டம் கிடையாது; லீக் ஆட்டங்கள் விளக்கொளியில் நடக்கத் தொடங்கியது 1956ல். ஆகவே டிசம்பரில் இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். ஆட்டக்காரர் யாருக்காவது அடிபட்டால் மாற்று ஆள் இறக்க முடியாது, மீதி நேரத்தைப் பத்துப் பேரோடு ஓட்ட வேண்டும்.

இந்த இடத்துக்குத்தான் லாட்டன் வந்தார். அவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போல்ட்டன் பக்கத்துப் பையன். 16 வயதில் பர்ன்லி அணிக்கு ஆடியவர். 17 வயதில் எவர்ட்டன் வாங்கியது. 1937–38, 1938–39 இரண்டு சீசனிலும் முதல் டிவிஷனில் அதிக கோல் அடித்தவர் அவர்தான். இரண்டாவதில் 34 கோல், எவர்ட்டன் சாம்பியன். அப்போது அவருக்கு வயது 19. அடுத்து போர் வந்து ஆறு வருடத்தைத் தின்றது. போர் முடிந்ததும் முதல் டிவிஷன் கிளப்பான செல்சி. 1946–47ல் அங்கே லீக்கில் மட்டும் 26 கோல். இங்கிலாந்துக்காக மொத்தம் 23 ஆட்டத்தில் 22 கோல். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் அவருக்கு நிகராக நிற்கக்கூடியவர்கள் இங்கிலாந்து வரலாற்றிலேயே விரல் விட்டு எண்ணுகிற அளவுதான்.

செல்சியில் அவருக்கும் மேலாளர் பில்லி பிர்ரெலுக்கும் ஒத்துப்போகவில்லை. அங்கே ஆட்டக்காரர்களுக்கு மசாஜ் செய்பவராக இருந்த ஆர்தர் ஸ்டாலரி லாட்டனுக்கு நெருங்கிய நண்பர். அந்த ஸ்டாலரி நாட்ஸ் கவுண்டியின் மேலாளர் ஆனார். நீ எங்காவது மேலாளர் ஆனால் நான் உன்னிடம் வந்துவிடுகிறேன் என்று லாட்டன் அவரிடம் சொல்லியிருந்தார், சொன்னபடி வந்தார். 1947 நவம்பரில் கைமாறிய தொகை 20,000 பவுண்டு என்று கணக்கிட்டார்கள். பில் டிக்சன் என்ற ஆட்டக்காரரைச் செல்சிக்குக் கொடுத்ததும் இதில் அடக்கம். அதுவரை பிரிட்டனில் எந்த ஆட்டக்காரருக்கும் கொடுக்காத தொகை. அதைக் கொடுத்தது மூன்றாம் டிவிஷன் கிளப் என்பதுதான் நாடே வாய் பிளந்ததற்குக் காரணம்.

நட்பு ஒரு காரணம், சண்டை ஒரு காரணம். இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். இதெல்லாம் நடக்க முடிந்ததற்குக் காரணம் லீக்கின் அன்றைய சம்பள விதி.

இங்கிலாந்தில் அப்போது கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்புச் சம்பளம் இருந்தது. 1947ல் நடுவர் மன்றம் வரை போய் வாங்கிய உயர்வுக்குப் பிறகு, சீசன் நடக்கும்போது வாரம் 12 பவுண்டு, கோடை விடுமுறையில் 10 பவுண்டு. அதற்கு மேல் எந்த கிளப்பும் கொடுக்கக் கூடாது. முதல் டிவிஷனின் பெரிய கிளப் ஆர்சனலில் ஆடினாலும் 12, மூன்றாம் டிவிஷனின் ஆல்டர்ஷாட்டில் ஆடினாலும் 12. 1949–50 வாக்கில் ஆலையில் வேலை செய்த ஒரு ஆண் தொழிலாளியின் சராசரி வாரச் சம்பளமே 7 பவுண்டு சொச்சம். நாட்டின் மிகச் சிறந்த சென்டர் ஃபார்வர்டு, நாட்டிங்ஹாமின் ராலே ஆலையில் சைக்கிள் பூட்டுகிறவரைவிட வாரத்துக்கு 5 பவுண்டு கூடுதலாக வாங்கினார், அவ்வளவுதான். ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஆட்டக்காரருக்கு விதிப்படி கிடைக்கக்கூடியது 10 பவுண்டு. 20,000ல் 10.

இதோடு இன்னொரு விலங்கும் உண்டு. ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் சொத்து. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டாலும், கிளப் பிடித்து வைத்துக்கொண்டால் அவர் வேறு எங்கும் ஆட முடியாது. விற்க வேண்டுமா, யாருக்கு, என்ன விலைக்கு என்பதெல்லாம் இயக்குநர்கள் முடிவு. ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்டம் தொடுத்த வழக்கில் 1963ல் நீதிமன்றம் தலையிடும் வரை இதே நிலைதான்.

இதை லாட்டனின் இடத்திலிருந்து பாருங்கள். செல்சியில் இருந்தாலும் 12 பவுண்டு, நாட்டிங்ஹாமில் இருந்தாலும் 12 பவுண்டு. மேலே இருப்பதால் கிடைப்பது பெயர் ஒன்றுதான், பெயர் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. பிடிக்காத மேலாளரிடம் ஏன் கிடக்க வேண்டும்? மூன்றாம் டிவிஷனுக்குப் போவதால் அவர் பையில் ஒரு பைசா குறையவில்லை. சம்பளம் சந்தையில் தீர்மானமாகிற இன்றைய ஒழுங்கை மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பதால்தான் அவருடைய முடிவு நமக்குப் புதிராகத் தெரிகிறது.

இனி கவுண்டியின் பக்கம். 20,000 பவுண்டை ஒரு கீழ்நிலை கிளப் எங்கிருந்து திரட்டும்? வாசலில் இருந்துதான். போருக்குப் பின் இங்கிலாந்தில் மைதானங்களுக்கு வந்த கூட்டம் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. 1948–49ல் எல்லா டிவிஷன்களுக்கும் சேர்த்து 4 கோடியே 10 லட்சம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கினார்கள். ரேஷன் காலம் அது. துணிக்குக் கூப்பன் 1949 வரை, பெட்ரோலுக்கு 1950 வரை, மிட்டாய்க்கு 1953 வரை. கையில் சம்பளம் இருந்தது, கடையில் பொருள் இல்லை. வீட்டில் தொலைக்காட்சி இல்லை. நாட்டிங்ஹாமில் ராலே சைக்கிள், ஜான் பிளேயர் சிகரெட், பூட்ஸ் மருந்து என்று பெரிய ஆலைகள். சனிக்கிழமை வேலை மதியத்தோடு முடிந்ததும் ஆட்கள் நேரே மைதானத்துக்குத்தான் போவார்கள்.

குறைந்தபட்ச டிக்கெட் விலை 1 ஷில்லிங் 3 பென்ஸ். அதாவது 15 பென்ஸ். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ் என்ற அன்றைய கணக்கில் 16 பேர் உள்ளே வந்தால் ஒரு பவுண்டு. லாட்டனைப் பார்க்க வழக்கத்தைவிட 10,000 பேர் கூடுதலாக வந்தார்கள் என்றால், மிகக் குறைந்த விலையிலேயே ஒரே மதியத்தில் 625 பவுண்டு வசூல். கேளிக்கை வரியும் எதிரணிக்குப் போகும் பங்கும் இதில் கழியும், அது வேறு. அவருடைய ஒரு வருடச் சம்பளம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள்: சீசனுக்கு 12 வீதம், கோடைக்கு 10 வீதம், மொத்தம் 600க்கும் சற்றுக் கீழே வரும். ஒரே ஒரு சனிக்கிழமையின் கூடுதல் கூட்டம் கொண்டுவந்த வசூல் அவருடைய வருடச் சம்பளத்தை மிஞ்சுகிறது. மீதிச் சனிக்கிழமைகள் எல்லாம் 20,000ஐ அடைக்க. துணிச்சலான பேரம் என்று அன்று பலரும் பேசினார்கள். இயக்குநர்கள் கணக்குப் போட்டுத்தான் இறங்கினார்கள் என்பது என் எண்ணம்.

இங்கிலாந்துத் தேர்வாளர்களும் அவரை உடனே கைவிடவில்லை. மூன்றாம் டிவிஷன் ஆட்டக்காரராக இருந்துகொண்டே அவர் நாட்டுக்காக நான்கு முறை ஆடினார். 1947 நவம்பரில் ஸ்வீடனுக்கு எதிராக, 1948 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்கு எதிராக, மே மாதம் டூரினில் இத்தாலியை 4–0 என்று அடித்த அந்தப் பேர்பெற்ற ஆட்டத்தில், கடைசியாகச் செப்டம்பரில் கோபன்ஹேகனில். டென்மார்க்குடன் கோல் இல்லாமல் முடிந்த அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவரை அழைக்கவே இல்லை. அப்போது அவருக்கு 29 வயதுகூட ஆகவில்லை. 1950 உலகக் கோப்பையில் அமெரிக்காவிடம் இங்கிலாந்து 1–0 என்று தோற்றபோது, அதற்கு முந்தைய சீசனில் 31 லீக் கோல் அடித்திருந்த லாட்டன் அணியிலேயே இல்லை. அவர் இறங்கி வந்ததற்குக் கொடுத்த விலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். எனக்கு இன்றும் இது நெஞ்சில் உறுத்துகிற விஷயம்.

இப்போது 1948–49க்கு வருவோம். லாட்டன் தொடக்கத்திலிருந்தே ஆடிய முதல் சீசன். அக்டோபரில் எக்ஸிட்டர் சிட்டியை 9–0 என்று அடித்தார்கள். ஜனவரி 15 அன்று நியூபோர்ட் கவுண்டியை 11–1. சீசன் முடிவில் 42 ஆட்டத்தில் 102 கோல். பட்டியலில் எந்த இடம் தெரியுமா? பதினொன்றாவது. 19 வெற்றி, 5 டிரா, 18 தோல்வி, 43 புள்ளி. வாங்கிய கோல் 68. அந்த வருட சாம்பியன் ஸ்வான்சி டவுன் அடித்தது 87தான், கவுண்டியைவிட 15 குறைவு. ஆனால் வாங்கியது 34 மட்டுமே. அவர்கள் 62 புள்ளியோடு மேலே போனார்கள்.

வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. 11 கோல் அடித்து ஜெயித்தாலும் 2 புள்ளிதான். எக்ஸிட்டரையும் நியூபோர்ட்டையும் அடித்த 20 கோலுக்குக் கிடைத்தது மொத்தம் 4 புள்ளி. ரசிகர்களுக்கு அது திருவிழா, வாசலில் வசூல். பட்டியலில் அதற்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது. லாட்டன் ஒருவர் போதும் என்றால் இந்த சீசனிலேயே மேலே போயிருக்க வேண்டும்.

1949ல் ஸ்டாலரி போய் எரிக் ஹவுட்டன் மேலாளர் ஆனார். ஆஸ்டன் வில்லாவில் ஏறக்குறைய இருபது வருடம் விங்கராக, அதாவது முன்வரிசையின் ஓரத்தில் ஆடி, இங்கிலாந்துக்கும் ஆடியவர். பந்தை வெடிக்கிற மாதிரி உதைப்பார் என்று பேர். 1946 கடைசியில் கவுண்டிக்கு ஆட்டக்காரராக வந்து, லாட்டனோடு ஒரே அணியில் ஆடியவர். உடை மாற்றும் அறையில் யார் எப்படி என்று அவருக்குத் தெரியும். பின்னாளில் ஆஸ்டன் வில்லாவின் மேலாளராகப் போய் 1957ல் எஃப்.ஏ. கோப்பையை வென்றவரும் இவரே.

ஹவுட்டன் வந்த பிறகு மாறியதை எண்களே சொல்கின்றன. அடித்த கோல் 102லிருந்து 95 ஆகக் குறைந்தது. வாங்கிய கோல் 68லிருந்து 50 ஆனது. தோல்வி 18லிருந்து சரிபாதியாக 9. வெற்றி 25, டிரா 8, புள்ளி 58. ஏழு கோல் குறைவாக அடித்த அணி, பதினொன்றாம் இடத்திலிருந்து முதலிடத்துக்குப் போனது.

முன்வரிசையும் முன்பைவிட ஒழுங்காக அமைந்தது. அக்டோபரில் டெர்பி கவுண்டியிலிருந்து ஃபிராங்க் புரூமைக் கொண்டுவந்தார்கள். வில்லாவில் ஹவுட்டனின் பழைய கூட்டாளி. 1938ல் பெர்லினில் ஜெர்மனியை 6–3 என்று இங்கிலாந்து வென்ற ஆட்டத்தில் கோல் அடித்தவர்களில் ஒருவர். 34 வயதாகிவிட்டது, ஆனாலும் விங்கிலிருந்து அவர் போடுகிற பந்து போக வேண்டிய இடத்துக்குப் போகும். இடது பக்கம் டாம் ஜான்ஸ்டன், 1948ல் ட்ரென்ட் ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியிலிருந்து வந்தவர். இன்சைடு ஃபார்வர்டாக, அதாவது சென்டர் ஃபார்வர்டை ஒட்டி ஆடுகிறவராக, ஜாக்கி சூவல். கம்பர்லாந்தில் ஒயிட்ஹேவன் சுரங்கப் பகுதியில் பிறந்தவர், போரின்போதே கவுண்டியில் சேர்ந்தவர், அப்போது வயது 22.

சூவலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பெரும்பாலான அணிகள் பின்னால் மூன்று பேரை நிறுத்தும். நடுவில் இருப்பவரின் ஒரே வேலை எதிரணி சென்டர் ஃபார்வர்டை விடாமல் பிடிப்பது. லாட்டன் மாதிரி ஆள் எதிரே நின்றால் ஒருவர் போதாது. பக்கத்தில் இருப்பவரும் பயத்தில் நடுவுக்கு ஒதுங்குவார். அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் சூவல் புகுவார். லாட்டன் தலையால் பந்தைக் கோலுக்கு அனுப்புகிற அளவுக்கே, வருகிற ஆளுக்குத் தட்டிவிடுவதிலும் தேர்ந்தவர். கவுண்டிக்காகச் சூவல் லீக்கில் 178 ஆட்டத்தில் அடித்த 97 கோலில் பல இப்படி வந்தவைதான்.

1949–50ன் சூடு வேறொரு காரணத்தாலும் ஏறியது. 1949ல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனிலிருந்து இறங்கிவிட்டது, அவர்கள் வரலாற்றிலேயே முதல் தடவையாக. ட்ரென்ட் ஆற்றின் ஒரு கரையில் மெடோ லேன், மறு கரையில் ஃபாரஸ்ட்டின் சிட்டி கிரவுண்ட். பாலத்தைத் தாண்டினால் சில நிமிட நடை. ஒரே ஊர், ஒரே டிவிஷன், மேலே போக ஒரே ஒரு இடம். மேலாளர் பில்லி வாக்கர் தலைமையில் ஃபாரஸ்ட்டும் லேசுப்பட்ட அணியாக இல்லை.

முதல் மோதல் டிசம்பர் 3 அன்று சிட்டி கிரவுண்டில். கவுண்டி 2–1 என்று வென்றது. அதில் லாட்டன் அடித்த கோலைப் பற்றி நாட்டிங்ஹாமில் பல பத்தாண்டுகள் பேசினார்கள். புரூம் கார்னர் எடுக்கிறார். அந்தக் காலத்துப் பந்து தோலால் ஆனது. வாயைத் தோல் வாரால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். டிசம்பர்ச் சேற்றில் நீரைக் குடித்துக் குடித்து ஆட்டம் போகப் போகக் கனம் ஏறும். வார் முடிச்சு நெற்றியில் பட்டால் தோல் கிழியும். பலர் தலையை லேசாகக் கொடுத்துத் திருப்பிவிடுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். லாட்டன் தள்ளி நின்று, ஓடிவந்து, எழும்பி நெற்றியால் முட்டுகிறார். ஃபாரஸ்ட் கோல் கீப்பர் ஹாரி வாக்கரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உதைத்தது போன்ற வேகம். எழும்பிய பிறகு பந்து வந்து சேரும் வரை காற்றில் நிற்பார் என்று லாட்டனைப் பற்றிச் சொல்வார்கள். சீக்கிரம் எழும்பிவிடுவதுதான் அதன் சூட்சுமம். எதிராளி எழும்பும்போது இவர் ஏற்கெனவே உச்சியில் இருப்பார். எவர்ட்டனில் பையனாகச் சேர்ந்தபோது அங்கே சென்டர் ஃபார்வர்டாக இருந்த டிக்சி டீன் பக்கத்தில் நின்று கற்றது வீண்போகவில்லை.

இரண்டாவது மோதல் 1950 ஏப்ரல் 22, மெடோ லேன். சீசன் முடியச் சில ஆட்டங்களே பாக்கி. கவுண்டி வென்றால் முதலிடம் உறுதி, அதையும் எதிர்க்கரைக்காரர்களை வீழ்த்தி வாங்கலாம். ஏறக்குறைய 46,000 பேர் உள்ளே. பெரும்பாலோர் நின்றுகொண்டே பார்க்கிற மேடுகள். நான்கு வருடம் முன்புதான், 1946 மார்ச்சில், போல்ட்டன் மைதானத்தில் நெரிசலில் 33 பேர் செத்திருந்தார்கள். அப்படியிருந்தும் மூன்றாம் டிவிஷன் ஆட்டமொன்றுக்கு இவ்வளவு கூட்டம். சூவல் ஒன்று, லாட்டன் ஒன்று, 2–0. பதினைந்து வருடம் கழித்துக் கவுண்டி இரண்டாம் டிவிஷனுக்குத் திரும்பியது.

கடைசிப் பட்டியலைப் பார்த்தால் கவுண்டி 58. அடுத்து நார்தாம்டன் டவுன் 51, சவுத்தெண்ட் யுனைடெட் 51, ஃபாரஸ்ட் 49. ஏழு புள்ளி இடைவெளி. ஃபாரஸ்ட் வாங்கிய கோல் 39தான், கவுண்டியைவிடப் பதினொன்று குறைவு. ஆனால் அடித்தது 67. ஸ்வான்சி மாதிரி இறுக்கமான பின்வரிசையும் கவுண்டிக்கு இல்லை, 1948–49 மாதிரி கட்டுக்கடங்காத முன்வரிசையும் இல்லை. இரண்டும் ஓரளவு சேர்ந்து வந்த வருடம் அது. லாட்டனின் 31 கோலை எடுத்துவிட்டாலும் மற்றவர்கள் அடித்தது 64 இருக்கிறது. கோல் கீப்பர் ராய் ஸ்மித், பின்வரிசையில் ஆப்ரி சவுத்வெல், நடுவில் பில் கார்க்ஹில் போன்றவர்கள் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை. 18 தோல்வியை 9 ஆக்கியது பெரும்பாலும் அவர்கள் உழைப்பு என்பது என் உறுதியான கருத்து.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் முதல் கேள்விக்கு அதிலும் பதில் இருக்கிறது.

அடுத்த சீசனில் மூன்றாம் டிவிஷனின் இரு பிரிவுகளும் 24 கிளப்புகளாக விரிந்தன. ஃபாரஸ்ட் 70 புள்ளி, 110 கோல் என்று அதை வென்று கவுண்டி பின்னாலேயே மேலே வந்துவிட்டது. கவுண்டி இரண்டாம் டிவிஷனில் காலூன்றப் பாடுபட்டுக்கொண்டிருந்த 1951 மார்ச்சில், இயக்குநர்கள் சூவலை ஷெஃபீல்டு வெட்னஸ்டேக்கு விற்றார்கள். தொகை 34,500 பவுண்டு, மறுபடியும் பிரிட்டனில் அதுவரை இல்லாத விலை. நடுவே நடந்ததையும் பாருங்கள், ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் கைமாறிய பவுண்டு இது. 1947 செப்டம்பரில் பில்லி ஸ்டீல் 15,500. நவம்பரில் லாட்டன் 20,000. 1948 பிப்ரவரியில் லென் ஷாக்கில்டன் 20,050. 1949ல் ஜானி மோரிஸ் 24,000, அதே ஆண்டு கடைசியில் எடி குவிக்லி 26,500. 1950ல் டிரெவர் ஃபோர்டு 30,000. சூவல் 34,500. மூன்றரை வருடத்தில் விலை இரண்டு மடங்குக்கு மேல். அந்த மூன்றரை வருடமும் சம்பள உச்சவரம்பு 12 பவுண்டிலேயே நின்றது. 34,500ல் சூவலுக்கு விதிப்படி உரியது அதே 10 பவுண்டு.

கவுண்டி சாம்பியன் ஆன அடுத்த மாதமே, 1950 மேயில், இங்கிலாந்தின் சென்டர் ஹாஃப் (பின்வரிசையின் நடுவில் ஆடுகிறவர்) நீல் ஃபிராங்க்ளின் இந்த முறையை வெறுத்து கொலம்பியாவின் பொகோட்டாவுக்கு ஆடப் போய்விட்டார். ஊர் திரும்பியபோது தடை விதித்தார்கள். இங்கிலாந்து அணியில் அவருக்கு மறுபடி இடமே இல்லாமல் போயிற்று. வெளியே போனால் இது கதி. உள்ளேயே இருந்தால் எந்த டிவிஷனானாலும் ஒரே சம்பளம். லாட்டன் எடுத்த முடிவை இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சூவலை விற்றதில் லாட்டனுக்கு உடன்பாடு இல்லை. பாதி ஆட்டமே அந்தக் கூட்டணியில் இருந்தது. 1952 மார்ச்சில் அவரும் பிரென்ட்ஃபோர்டுக்குப் போனார், 16,000 பவுண்டுக்கு. கவுண்டிக்காக லீக்கில் 151 ஆட்டம், 90 கோல். அங்கிருந்து ஆர்சனல். 1957ல் மேலாளராக மெடோ லேனுக்கே திரும்பினார். அந்த சீசன் முடிவில், 1958ல், கவுண்டி மறுபடி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கியது. அவரை நீக்கினார்கள்.

இன்று இப்படி ஒருவர் போவாரா என்று அடுத்த கேள்வி வரும். 1961 ஜனவரியில் சம்பள வரம்பை எடுத்துவிட்டார்கள். சில மாதத்தில் ஃபுல்ஹாம் கிளப் தன் ஆட்டக்காரர் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு ஒரு மூன்றாம் டிவிஷன் கிளப்பால், வாசல் வசூலை மட்டும் நம்பி, இங்கிலாந்தின் சென்டர் ஃபார்வர்டைக் கூப்பிட்டுக்கொள்ள முடியவில்லை. விலையைக் கொடுத்துவிடலாம், ஒவ்வொரு வாரமும் சம்பளத்தைக் கொடுக்க முடியாது. 12 பவுண்டு வரம்பு ஆட்டக்காரர்களுக்கு அநியாயம் செய்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மெடோ லேனில் 46,000 பேர் ஒரு மூன்றாம் டிவிஷன் ஆட்டத்தில் லாட்டனைப் பார்க்க முடிந்ததும் அதே வரம்பால்தான்.